பர்மாக்காரர் வாளி

கம்பைநல்லூர்,
12-11-1965

என் அருமை மகள் காவேரிக்கு,

அப்பா ஆசி சொல்லி எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அம்மாவும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருப்பதாக உன் கையெழுத்தில் படித்த பிறகுதான் இரண்டு வாய் சோறு இறங்கியது. நீ போட்ட கடிதம் வழியில் யாரோ பிரித்து ஒட்டிய அடையாளத்தோடு வந்து சேர்ந்தது. அதனால் என்ன, எழுத்து கலையவில்லை.

அம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எனக்குப் பர்மியப் பேச்சு வரும், எழுத்து வராது. ஆகையால் நானும் அவளும் பேசிக்கொள்ள நீ ஒருத்திதான் வழி. கடிதத்தை முதலில் நீ தனியாகப் படித்துக்கொள். பிறகு அம்மாவுக்குச் சொல். அவள் கேட்கும்போது அவசரப்படுத்தாதே.

போன வருஷம் உங்களை ரங்கூன் ஆற்றுக்கு அக்கரை டல்லாவில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவன், அண்ணன் தீர்த்தகிரி வீட்டில்தான் இருந்து வருகிறேன். உன் பெரியப்பா. நான் ரங்கூனுக்குப் போனபோது அவருக்கு மீசை அரும்பியிருந்தது. இப்போது தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதார். பெரியம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஊரார் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, பர்மாவில் சம்பாதித்ததெல்லாம் எங்கே என்று கேட்டார்கள். கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். துறைமுகத்தில் அதிகாரிகள் அம்மா கொடுத்தனுப்பிய தோடு தவிர மற்றதை வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. அங்கே எல்லோரும் என்னை இந்தியாக்காரன் என்று கலா, கலா எனக் கூப்பிட்டார்கள் அல்லவா, இங்கே எனக்குப் பெயர் பர்மாக்காரன்.

சும்மா உட்கார்ந்து சாப்பிட மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். தருமபுரிக்குப் போய் லாரியின் பழைய டயர் ஒன்றை வாங்கி, பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்தேன். வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தேன். டல்லாவில் செய்தது போல முதல் ஜோடி செருப்பு அன்று பொழுது சாய்வதற்குள் தயாராகிவிட்டது. நான் அடி அறுத்துக் கொடுத்தால் அம்மா வெல்வெட் பட்டை தைப்பாளே, இங்கே அதற்கு ஆள் இல்லை. டியூபையே பட்டையாக வெட்டி மாட்டினேன். பார்க்க முரடாகத்தான் இருந்தது.

உன் பெரியப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வாய் திறந்தார். "மாயவா, அக்கரையில நீ என்ன வேணா செஞ்சிருக்கலாம், நான் கேக்கல. இங்க நம்ம வாசல்ல குந்திக்கிட்டு செருப்பு அறுத்தா எம் பொண்ணுக்கு எவன் வருவான்? நாளைக்குப் பொண்ணு பாக்க வாராங்க" என்றார். பெரியம்மா கதவோரம் நின்று அழுதாள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை, காவேரி. இந்த ஊரில் அந்த வேலைக்கென்று ஒரு சாதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பர்மாவில் அப்படி இல்லாததால் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆகையால் அடுத்த கடிதத்தை இந்த விலாசத்துக்குப் போடாதே. அதியமான்கோட்டையில் பெங்களூர்–சேலம் ரோட்டின் மேல் காசிம் பாய் என்பவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பழைய டயர் தேடி அலைந்தபோது பழக்கம். கடைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கழித்த டயரை எல்லாம் எடுத்துக்கொள்ளவும் சொன்னார். "கொளுத்துனா ஊரே இருமுது. நீங்க அறுத்துச் செருப்பாக்குனா எனக்குப் புண்ணியம்ணே" என்கிறார். எங்கள் பக்கத்தைச் சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி ஜில்லா என்று ஆக்கியிருக்கிறார்கள். விலாசத்தில் அதையும் சேர்த்து எழுது.

படகு ஓட்டும் கோ தின் உங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகக் கூலி வாங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். என் நன்றியை அவருக்குச் சொல். ஆனாலும் சும்மா ஏறாதீர்கள், ஏதாவது கொடுங்கள்.

அம்மாவுக்குச் சளி பிடித்திருந்தால் இஞ்சி தட்டிப் போடச் சொல். கவலைப்படவேண்டாம் என்றும் சொல். சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வேன்.

உன் அப்பா,
மாயவன்


அதியமான்கோட்டை,
தருமபுரி ஜில்லா,
20-6-1966

அன்பு மகள் காவேரிக்கு,

ஆண்டவன் துணையால் நான் இங்கே இருக்கிறேன். நீங்கள் இருவரும் அங்கே இருக்கிறீர்கள். இடையில் இருக்கிற கடல் ஒன்றுதான் குறை, மற்றதெல்லாம் நல்லபடி.

மழை இல்லை. அங்கே இந்நேரம் விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். டல்லாவின் சேற்றைத் திட்டிக்கொண்டே நடப்பேனே, அந்தச் சேற்றில் ஒரு கைப்பிடி கிடைத்தால் இந்த ஊரார் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கிணறுகள் எல்லாம் பாறையில் வெட்டியவை. தண்ணீர் எங்கோ அடியில் கண்போல மினுங்குகிறது. அரிசிக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ. நான் கேழ்வரகுக் களிக்குப் பழகிவிட்டேன். முதலில் தொண்டையில் நின்றது, இப்போது நிற்பதில்லை.

செருப்பு விற்கிறது. லாரிக்காரர்கள் வாங்குகிறார்கள், காட்டுக்குப் போகிறவர்கள் வாங்குகிறார்கள். வெல்வெட்டெல்லாம் இங்கே யாரும் கேட்பதில்லை. முள் குத்தக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல். அவள் சிரிப்பாள்.

சாலம்மாள் என்று ஒருத்தி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலமும் கிணறும் உண்டு. வாய் நீளம். பிய்ந்த செருப்பைத் தைக்க வந்தவள் கையில் ஓட்டை வாளியும் வைத்திருந்தாள். இரும்பு வாளி பாறையில் இடித்து இடித்து அடி விட்டுப்போகிறதாம், ஈயம் பற்றவைத்தும் நிற்கவில்லையாம். நான் செருப்பைப் பற்றிப் பெருமை பேசினேன். பாறையில் நடந்தாலும் தேயாது என்றேன். உடனே அவள், "பாறையில தேயாதுன்னா வாளியா செஞ்சு குடுங்க பாக்கலாம். செருப்பு இல்லாம நான் நடந்துருவேன். தண்ணி இல்லாம நடக்க முடியாதுங்க" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, எனக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. டயரின் பக்கவாட்டை அறுத்து, உள் அடுக்கைக் குறடு போட்டு உரித்தேன். வளைத்து இரண்டு ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, டயருக்குள்ளிருந்தே உருவிய நூலால் தைத்தேன். அடிக்கு ஒரு வட்டம். பிடிக்குக் கம்பி. தையல் வழியே ஒழுகியது. பிரித்து மறுபடி தைத்து, காசிம் பாயின் பஞ்சர் சொல்யூஷனைத் தடவி ஒட்டினேன். ஒழுகல் நின்றது. சாலம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "தண்ணி டயர் நாத்தம் அடிக்குது. எம் மாடே மூஞ்சியத் திருப்பிக்கிது. மனுசன் எப்படிக் குடிக்கிறது?" என்றாள். காசிம் பாய் சிரித்த சிரிப்பில் டியூப் கையிலிருந்து நழுவிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ரங்கூனை விட்டபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

வாளியைச் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தேன். மறுபடி ஊறப்போட்டேன், மறுபடி காயவைத்தேன். நாற்றம் போன பிறகு நானே அதில் இறைத்துக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் திரும்ப வரவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் வந்தார்கள். இப்போது இந்தப் பக்கத்தில் பர்மாக்காரர் வாளி என்றால் தெரியும். மாடு கட்டிக் கவலை இறைக்கிற சாலுக்கு அடியில் கட்டும் தோல்குழாய் பழுதானால் லாரி டியூபை வெட்டிக் கட்டிக் கொடுக்கிறேன். மிச்சம் விழும் துண்டில் கதவுக் கீல், கொத்துக்காரர்கள் சுண்ணாம்புக் காரை அள்ளும் தட்டு. சாய்ப்பில் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

பகல் இப்படி ஓடிவிடுகிறது. கடை சாத்தியதும் காசிம் பாய் தம் வீட்டுக்குப் போவார். பிறகு லாரிகள்தான் பேசும். பர்மியப் பேச்சு மறந்துவிடுமோ என்று சில நாள் சோறு வடிக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். ஒருநாள் வழிப்போக்கர் ஒருவர் எட்டிப்பார்த்துவிட்டு, உள்ளே யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் பயந்து நடையைக் கட்டினார்.

நீங்கள் இருவரும் இங்கு வர மனுப் போட்டிருக்கிறேன். பர்மாக்காரிக்குப் பாஸ்போர்ட் கிடைப்பது கடினம் என்றார்கள், கடினம் என்றால் கிடைக்காது என்று அர்த்தமில்லை. நீயும் அங்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடு.

கூரையைக் கோ தின் புதிதாக வேய்ந்து கொடுத்தார் என்று எழுதினாய். தெரிந்து மகிழ்ச்சி. மழைக்கு முன்னால் செய்தது நல்லது. அம்மா இப்போது சிரித்துப் பேசுகிறாள் என்றும் எழுதியிருந்தாய். அதுவும் நல்லது.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா


அதியமான்கோட்டை,
3-2-1967

என் கண்ணே காவேரி,

உன் கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அனுமதி வந்துவிட்டது, அம்மா பெட்டி கட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைக் காசிம் பாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவர் தம் வீட்டுக்கு ஓடிப்போய் மனைவி வஹிதாவிடம் சொல்ல, அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினாள். சாலம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. "வரட்டும். உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து எங்களுக்கும் அலுத்துப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டுப் போனாள்.

சாய்ப்பில் உங்களை வைக்க முடியாது. கோட்டைத் தெருவில் ஓடு போட்ட ஓர் அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்தேன். அம்மா தலைவாரக் கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கிறேன். அவள் உயரத்துக்கு என்று நினைத்து ஆணி அடித்தேன். சரியாக இருக்கிறதா என்று வந்துதான் பார்க்கவேண்டும்.

வரும்போது கவனம். தங்கம் எதையும் கொண்டுவராதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள். கோழிகளையும் அடுப்பையும் கோ தின்னுக்குக் கொடுத்துவிடுங்கள், நம் குடும்பத்துக்கு அவ்வளவு செய்திருக்கிறார். கப்பலில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள். அம்மாவின் நாப்பி, அந்தப் புளித்த மீன் விழுதின் வாடை இங்கே ஆகாது என்று யாராவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு சின்ன ஜாடி கொண்டுவரட்டும்.

அம்மாவிடம் இதைச் சொல். இங்கே எல்லோரும் அவளை வேடிக்கை பார்ப்பார்கள். கொஞ்ச நாள்தான். பிறகு பழகிவிடும். நல்ல ஜனங்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்.

சேலம் கடைத்தெருவில் சிவப்பு வெல்வெட் துணி கிடைத்தது. உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஜோடி செய்து வைத்திருக்கிறேன். டயர் அடிதான், ஆனால் மிக மெல்லிசாக உரித்தது. பட்டை தைக்க எனக்கு அவ்வளவாக வராது. தையல் கோணலாக இருக்கிறது. அவள் பார்த்தால் பிரித்துத் தைப்பாள். துறைமுகத்திலேயே போட்டு நடக்கலாம், மதராஸ் மண் சுடும்.

நீ வளர்ந்திருப்பாய். கூட்டத்தில் எனக்கு அடையாளம் தெரியாமல் போனால், நீ என்னைத் தமிழில் கூப்பிடு.

அப்பா


அதியமான்கோட்டை,
30-3-1967

அன்புள்ள காவேரிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம்தான். மதராஸுக்குப் போய்த் திரும்பிவிட்டேன்.

கப்பல் காலையில் வந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே எங்களை எல்லாம் நிறுத்திவைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் தம் மகன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். மகனும் வந்தான். ஒவ்வொரு குடும்பமாக இறங்கி வந்தார்கள். குடை, கூடை, பாய்ச்சுருள், தையல் மெஷின். தலையில் பூ வைத்த பர்மாக்காரிகளும் சிலர் வந்தார்கள். ஒவ்வொருத்தி வரும்போதும் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். கடைசியில் கப்பல்காரர்களே கையை வீசிக்கொண்டு இறங்கினார்கள். பிறகு யாரும் வரவில்லை.

டல்லாவில் நம் வீட்டு வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி இருந்த சவுரியப்பனை உனக்கு நினைவிருக்கும், மாதா கோயிலில் மணி அடிப்பாரே, அவர் அந்தக் கப்பலில் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தம் மூட்டையைக் கீழே வைத்தார். அவராகவே என்னை ஒரு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"ஜெட்டி வரைக்கும் வந்தாங்க, மாயவன். டிரங்குப் பெட்டியோட ரெண்டு பேரும் வந்தாங்க. பேர் கூப்பிட்டாச்சு. உங்க சம்சாரம் மா செய்ன் அப்படியே நின்னுட்டாங்க. பாப்பா கையப் புடிச்சு இழுக்குது, அழுவுது. அவங்க அசையல. அப்புறம் திரும்பிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறின பிறகும் ஊதினார். நான்தான், பெட்டியை யார் தூக்கிக்கொண்டு வந்தது என்று கேட்டேன். கோ தின் என்றார். திரும்பத் தூக்கிக்கொண்டு போனதும் கோ தின்தான் என்றார்.

அது கனமான பெட்டி. நம் பெட்டிகளில் பெரியது அது. படகிலிருந்து ஜெட்டிக்கு ஏற்றுவதே சிரமம். அவர் முகம் சுளித்திருக்கமாட்டார், எனக்கு அவரைத் தெரியும்.

சவுரியப்பன் மேலும் ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தவர் வாயால் கேட்கவேண்டிய அளவுக்குக் கேட்டாகிவிட்டது.

காவேரி, நீ அம்மாவை இழுத்து அழுதாய் என்று கேட்டபோதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இனி அதற்காக அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தைப் பிடுங்கி இந்தப் பாறையில் நடலாம் என்று நினைத்தது நான். கண்ணாடி மாட்டினேன், சுண்ணாம்பு அடித்தேன். அவளுக்கு இங்கே பேசக்கூட என்னைத் தவிர ஆள் கிடையாது. ஆளில்லாத பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் அவளை வா என்றேன்.

சவுரியப்பனின் மனைவி வெறுங்காலோடு நின்றாள். மண் கொதித்தது. கையிலிருந்த செருப்பில் ஒரு ஜோடியை அவளுக்கும் மற்றதை அவள் மகளுக்கும் கொடுத்துவிட்டேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அவர்களை மண்டபம் முகாமுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

வீட்டு அறையைக் காலி செய்துவிட்டேன். சாய்ப்பே எனக்குப் போதும். நான் பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கியதைப் பார்த்ததும் காசிம் பாய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். அறுக்க உட்கார்ந்தேன். அன்று முழுதும் பாயின் கடையில் வானொலிகூடப் பாடவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டால், கப்பலில் கூட்டம் அதிகம், உங்கள் பெயர் விட்டுப்போனது போலிருக்கிறது என்று அப்பாவே எழுதியிருக்கிறார் என்று சொல். அவள் தலை குனியும்படி எதுவும் சொல்லிவிடாதே, கண்ணே. நன்றாகப் படி.

அப்பா


அதியமான்கோட்டை,
9-9-1972

என் மகள் காவேரிக்கும் மாப்பிள்ளைக்கும்,

அப்பாவின் நிறைந்த ஆசீர்வாதம்.

தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது நான் வாளிக்கு அடி வைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமல் வாங்கியதில் உறையெல்லாம் கறை. ரொம்ப நாளாகக் கடிதமே இல்லை. நான் எழுதியவை உன்னிடம் வந்து சேர்ந்தனவா என்றும் தெரியவில்லை. உடம்புக்கு ஏதோ என்றுகூட நினைத்துவிட்டேன். இப்போது பார்த்தால் கல்யாணச் செய்தி. பள்ளிக்கூட வாத்தியார் என்றால் நல்ல மனிதராகத்தான் இருப்பார். போட்டோவில் காதுதான் கொஞ்சம் பெரிது. அதை அவரிடம் சொல்லவேண்டாம். நீ உன் அம்மாவின் சாயலில் இருக்கிறாய். நிற்பது மட்டும் என்னைப்போல.

கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததையும் படித்தேன். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் அப்பா, வயது மூன்று, இதை எப்படி உங்களுக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை காலம் எழுதவில்லை என்று போட்டிருக்கிறாய். கோபமா என்றும் கேட்டிருக்கிறாய். பைத்தியக்காரப் பெண்ணே, டீக்கடையில் சவுரியப்பன் டீயை ஊதியபோதே எனக்கு எல்லாம் தெரியும். அதற்காகவா அப்பாவைக் கடிதம் இல்லாமல் காயப்போட்டாய்? கோபம் வந்தது உண்மை. முதல் ஒரு வருஷம் டயரை அறுக்கிறேனா, என்ன அறுக்கிறேன் என்று தெரியாமல் அறுத்தேன். பிறகு வேலை நிறைய வந்தது.

கோ தின் நல்லவர். அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தவன் நான். கூரை ஒழுகியபோது ஏணி போட்டு ஏறியவர் அவர். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பையன் காலை ஒரு தாளின் மேல் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு. வளர்கிற கால், கொஞ்சம் பெரிதாகவே வரை. பார்சலை அங்கே விடுகிறார்களோ இல்லையோ, அனுப்பிப் பார்க்கிறேன். படகில் ஏறி இறங்கும் பிள்ளை வழுக்கி விழக்கூடாது. டயர் அடி சேற்றில் பிடித்து நிற்கும். உன் மாப்பிள்ளையின் கால் அளவும் வேண்டும்.

இங்கே நிலைமை நன்றாக இருக்கிறது. அரூர் சந்தைக்கும் தருமபுரிக்கும் வாளி கட்டி அனுப்புகிறேன். காசிம் பாயின் மகளுக்கு நிக்காஹ் முடிந்தது, எனக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். சாலம்மாள் வாய் குறையவில்லை. சென்ற மாதம் உன் பெரியப்பா தீர்த்தகிரி வந்தார். அவர் மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. இனி அவருக்கு என் தொழிலால் வெட்கமில்லை. டயர் அடுக்கின் மேலேயே உட்கார்ந்து காபி குடித்தார். அரூரில் கோவிந்தம்மாள் என்று ஒரு பெண் இருக்கிறாளாம், புருஷன் தவறிவிட்டானாம், குணசாலியாம். "ஒத்தையில கெடந்து ஒரு நாளைக்குச் சொல்லாம கொள்ளாமப் போயிருவ. கேட்டு வெக்கட்டுமா?" என்றார். எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்றேன். எங்கே என்று கேட்டார். நான் கத்தியைத் தண்ணீரில் நனைத்தேன். அவர் காபித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இவ்வளவும் உனக்கு எழுதியது. இனி எழுதுவது அம்மாவிடம் சொல்ல. கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல், பேச்சோடு பேச்சாகப் பர்மாப் பேச்சில் சொல்.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணன் பார்த்து அவருக்கு ஒரு கல்யாணம் செய்து வைத்துவிட்டார். கோவிந்தம்மாள் என்று பெயராம். வேளைக்குச் சோறு ஆகிறதாம், சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுக்கிறாளாம், கடை சாத்திவிட்டு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதாம். முன்னைவிட உடம்பு தேறிவிட்டதாம். உன்னைக் கேட்டதாகச் சொன்னார், பையனைக் கேட்டதாகச் சொன்னார். இப்படிச் சொல். அவள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தால் நிறுத்தாமல் சொல்லி முடி. மேலும் கேட்டால், அந்த அம்மாள் பார்க்க லட்சணமாக இருப்பாளாம் என்றும் சேர்த்துக்கொள், பரவாயில்லை.

சொல்லும்போது மட்டும் முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொள், கண்ணே. உன் முகம் கொஞ்சம் வாடினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

நீயும் மாப்பிள்ளையும், அம்மாவும், தம்பியும், கோ தின்னும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு தரமாவது நாலு வரி போடு. தமிழில் போடு.

உன் அப்பா,
மாயவன்